புளியாரைப் புது இனம்: மூன்று சேகரிப்பில் எதை ஹோலோடைப் ஆக்குவது?

முவ்விலை (கேள்வி):

வணக்கம். குமிழம் உள்ள, இளஞ்சிவப்புப் பூப் பூக்கும் ஆக்ஸாலிஸ் (புளியாரைப் பேரினம்) ஒன்றைப் புது இனமாக விவரிக்கும் வேலை நடக்கிறது. விளக்கம் எழுதியாகிவிட்டது. டைப் (பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று நிலைநிறுத்தும் மாதிரி) தேர்வில்தான் சிக்கல். கையில் இருப்பவை இவை:

எண் 212. பூக்கும் பருவத்தில் எடுத்தது. ஐந்து தாள் (உலர்த்திய செடியை ஒட்டியவை). பூக்கள் அழகாக விரிந்து காய்ந்திருக்கின்றன, நிறமும் பெரும்பாலும் நிற்கிறது. ஆனால் தோண்டும்போது தண்டு அறுந்துவிட்டதால் ஒரு தாளிலும் குமிழம் இல்லை.

எண் 231. அதே இடம், ஐந்து வாரம் கழித்து. மூன்று தாள். குமிழம், சிறுகுமிழ்கள், வெடிகனி, விதை எல்லாம் உண்டு. பூ என்று பார்த்தால் வாடிச் சுருண்ட நாலைந்துதான்.

எண் 240. அதே இடத்துக் குமிழத்தைத் தொட்டியில் வளர்த்து, பூத்தபோது முழுச்செடியாக அழுத்தியது. குமிழமும் பூவும் இரண்டும் இருக்கிற ஒரே தாள் இதுதான்.

நெருங்கிய இனத்திலிருந்து இதைப் பிரிக்கும் பண்புகள் இரண்டு. ஒன்று, சிறுகுமிழ்கள் தாய்க் குமிழத்தோடு ஒட்டி உட்காராமல் 2 முதல் 4 செ.மீ. நீள இழைகளின் நுனியில் இருக்கின்றன. மற்றது, நீண்ட மகரந்தக் கம்பிகளில் மட்டும் சுரப்பித் தூவி.

212, 231 இரண்டையும் சேர்த்து ஹோலோடைப் என்று கொடுக்கலாமா? கூடாதென்றால் எது? இன்னொன்று: அந்த நெருங்கிய இனத்தின் பெயர் 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதற்கு டைப் என்று சொல்ல ஒரு வண்ணப்படம் மட்டுமே இருக்கிறது, அதில் குமிழம் தெளிவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு நம் இனத்தை வெளியிடலாமா?

---

தாளடுக்கு:

முதல் கேள்விக்கு ஒரே வரி: சேர்க்கக் கூடாது. ஹோலோடைப் என்பது ஒரே சேகரிப்பிலிருந்து வந்த ஒரே மாதிரி. ஒரே இடம் என்றாலும் நாள் வேறானால் சேகரிப்பு வேறு. தாவரப் பெயரிடல் விதிநூலின்படி, 1958 ஜனவரி 1 முதல் வெளியாகும் இனப்பெயருக்கு டைப் குறித்தே ஆகவேண்டும். இரண்டு சேகரிப்பை டைப் என்று எழுதினால் டைப் குறித்ததாகவே கணக்கில்லை, பெயர் செல்லுபடியாகாது. கட்டுரை அச்சேறி, எல்லோரும் அந்தப் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கி, பத்து வருடம் கழித்து யாராவது இதைக் கண்டுபிடித்தால் பெயர் அன்றிலிருந்துதான் பிறக்கும். அதுவும் வேறொருவர் முறைப்படி வெளியிட்டால்.

இனி எது என்ற கேள்வி. டைப் என்றால் இனத்தின் ‘சராசரி’ச் செடி, ‘அழகான’ செடி என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அப்படி ஒன்றும் இல்லை. பெயரை மாட்டும் ஆணி அது. இனத்தின் எல்லையை நாளைக்கு யார் எப்படி மாற்றி வரைந்தாலும், இந்தத் தாள் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம் பெயர் போகும். ஆகவே கேட்கவேண்டியது ஒன்றுதான்: பிற்காலத்தில் ஒருவர் இந்தத் தாளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, இது உங்கள் இனமா பக்கத்து இனமா என்று தீர்மானிக்க முடியுமா?

212ல் முடியாது. இளஞ்சிவப்புப் பூவும் மூன்று சிற்றிலையும் உள்ள குமிழ ஆக்ஸாலிஸ்கள் மேற்பாதியை மட்டும் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். ஆக்ஸாலிஸ் டெபிலிஸும் லாட்டிஃபோலியாவும் நல்ல உதாரணம். டெபிலிஸில் சிறுகுமிழ்கள் தாய்க் குமிழத்தைச் சுற்றிக் காம்பில்லாமல் குவிந்திருக்கும். லாட்டிஃபோலியாவில் இழை நுனியில் இருக்கும். சிற்றிலை வடிவம் உதவும்தான், ஆனால் காய்ந்து மடிந்த இலையை வைத்து அடித்துச் சொல்ல முடியாமல் போன தாள்கள் எத்தனையோ. குமிழமில்லாத தாளை டைப் ஆக்குவது, பிற்காலத்தவரை எபிடைப் (தெளிவில்லாத டைப்புக்குத் துணையாகக் குறிக்கும் மாதிரி) தேடி அலையவிடுகிற வேலை.

240 விதிப்படி தடையில்லை. உயிருள்ள செடிதான் டைப் ஆக முடியாது. வளர்ப்புச் செடியை அழுத்திக் காயவைத்தால் அது முறையான மாதிரியே. ஆனாலும் நான் அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன். தொட்டி நிழலில் இலைக்காம்பு நீளும், சிற்றிலை அகலும், பூங்கொத்தில் பூ எண்ணிக்கை மாறும். இழுத்துச் செல்லும் இழைகளுக்குத் தொட்டியில் இடம் போதாமல் சுருண்டு குறுகும். உங்கள் முதல் பண்பே அந்த இழை நீளம்தானே? போதாக்குறைக்கு, தொட்டி மண்ணில் வேறு சிறுகுமிழ் கலந்திருக்கவில்லை என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஆக்ஸாலிஸ் வளர்ப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும்.

அதனால் என் வாக்கு 231க்கு. அடுத்த பருவம்வரை பொறுக்க முடியுமானால் பூவும் குமிழமும் கனியும் ஒன்றாகக் கிடைக்கிற நாளில் புதிதாக ஒரு சேகரிப்பு எடுப்பது அதைவிட மேல்.

---

வெடிகனி:

தாளடுக்கு சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். 212 வேண்டாம், சரி. ஆனால் 231ஐ உடனே ஹோலோடைப் ஆக்குவதற்கு முன் ஒரு சோதனை பாக்கி. இரண்டாவது பண்பு மகரந்தக் கம்பித் தூவி. அது அந்த வாடிய பூவில் தெரியாவிட்டால் டைப்பில் பாதிப் பண்பு இல்லாமல் போகிறது. தெரிகிறதா என்று பாருங்கள், கஷ்டமில்லை.

ஒரே ஒரு பூவை எடுங்கள். தாளில் ஒட்டியிருப்பதைப் பிடுங்க வேண்டாம், உறையில் உதிர்ந்து கிடப்பதே போதும். சின்னக் கிண்ணத்தில் நீர், அதில் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சொட்டு. கொதி வரும்போது பூவைப் போட்டு ஒன்றிரண்டு நிமிடம். காற்றுக் குமிழி வெளியேறிப் பூ மூழ்கினால் ஊறிவிட்டது என்று அர்த்தம். பிறகு ஈரமான கண்ணாடித் தட்டில் வைத்து, மெல்லிய ஊசியால் புல்லியையும் அல்லியையும் ஒதுக்குங்கள். பத்து மகரந்தத்தாள்களும் அடியில் ஒரு குழாயாக இணைந்திருக்கும். அந்தக் குழாயை ஒரு பக்கம் கீறி விரித்தால் நீண்ட ஐந்தும் குட்டை ஐந்தும் மாறிமாறி வரிசையாகத் தெரியும். 40 மடங்குப் பெருக்கத்தில் தூவியின் நுனி உருண்டையாக இருந்தால் சுரப்பித் தூவி. படம் எடுத்துவிட்டு, பிரித்த உறுப்புகளைக் காயவைத்து, சிறிய காகித உறையில் போட்டு அதே தாளில் ஒட்டிவிடுங்கள். உறை மேல் சேகரிப்பு எண் கட்டாயம்.

இன்னொரு விஷயம், இதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். ஆக்ஸாலிஸில் பல இனங்களுக்குப் பூ மூன்று வடிவம். சூல்தண்டு இரண்டு வரிசை மகரந்தத்துக்கும் மேலே, நடுவே, கீழே என்று செடிக்குச் செடி மாறும். ஒரே செடியில் மூன்றும் வராது. டைப் தாளில் இருப்பது நீள்தண்டுச் செடி என்றால், ‘சூல்தண்டு மகரந்தங்களைவிட நீளம்’ என்று இனப்பண்பாக எழுதினீர்களோ போச்சு. உங்கள் ‘நீண்ட மகரந்தக் கம்பி’ எது என்பதும் இதைப் பொறுத்தது. நீள்தண்டுச் செடியில் மகரந்த வரிசைகள் கீழும் நடுவும், குறுந்தண்டுச் செடியில் நடுவும் மேலும். அதனால் விளக்கத்தில் வடிவத்தைக் குறிப்பிட்டு, ‘நீள்தண்டு வடிவத்தில் நீண்ட கம்பி இத்தனை மி.மீ.’ என்று அளவு கொடுங்கள். மற்ற இரண்டு வடிவங்களையும் காட்டுகிற தாள்களைப் பாராடைப் (டைப்போடு கூடுதலாகக் கட்டுரையில் சுட்டும் மாதிரி) ஆகக் குறிப்பிடுங்கள். 212ன் ஐந்து தாளில் வேறு வடிவம் இருந்தால் அதற்கு அங்கேதான் பயன்.

மூன்று வடிவத்தில் ஒன்று மட்டுமே அந்த இடம் முழுக்க இருக்கிறதா? அப்படியானால் புது இனம் என்ற முடிவையே ஒருமுறை சந்தேகப்படுங்கள். மத்தியதரைக் கடல் பகுதியில் பரவியிருக்கும் ஆக்ஸாலிஸ் பெஸ்-காப்ரே பெரும்பாலும் குறுந்தண்டு வடிவம், ஐம்மடி நிறப்புரித் தொகுதி. விதையே இல்லாமல் சிறுகுமிழாலேயே நாடுநாடாகப் போனது. வேறு கண்டத்தில் ஏற்கெனவே பெயர் பெற்ற செடி உங்களுக்குப் புதிதாகத் தெரிந்திருக்கலாம். 231ல் நல்ல விதை இருக்கிறது என்கிறீர்கள், அது ஓரளவு ஆறுதல்.

---

குமிழ்வேர்:

புதுச் சேகரிப்பு எடுப்பதாக இருந்தால் செய்முறை பற்றிச் சில வரிகள். 212ல் நடந்தது எல்லோருக்கும் நடப்பது. குமிழத்துக்கும் தரைக்கும் நடுவே நூல்போன்ற தண்டு, இழுத்தால் அறும். சுருங்குவேர் குமிழத்தைக் கீழே இழுத்துக்கொண்டே போவதால் முதிர்ந்த செடியில் குமிழம் 20 செ.மீ. ஆழத்தில்கூட இருக்கும். செடியைப் பிடித்து இழுக்காதீர்கள். ஒரு சாண் தள்ளிக் குறுகிய மண்வாரியால் சுற்றிலும் வெட்டி, மண்கட்டியோடு தூக்கி, வாளி நீரில் கட்டியைக் கரையவிடுங்கள். இழை நுனிச் சிறுகுமிழ்கள் அப்போதுதான் தாயோடு சேர்ந்து வரும். நீரை வடிகட்டியில் ஊற்றினால் உதிர்ந்தவையும் சிக்கும்.

குமிழத்தின் மேல்தோலை உரிக்கக் கூடாது. அதன் நிறம், நார் ஓட்டம், உள்தோலின் தூவி எல்லாம் பண்புகள். கழுவும்போது கழன்ற தோலை உறையில் போடுங்கள்.

அடுத்து உயிர். குமிழம் அழுத்துசட்டத்துக்குள்ளேயே பிழைத்துக்கிடந்து முளைவிடும். தாளில் வெளிறிய நீள இலை வந்தால் அந்தத் தாளில் இலைக்காம்பு அளவெல்லாம் பொய். மரபணுவுக்கான இலையை முதலில் எடுத்துச் சிலிக்கா ஜெல்லில் போட்டுவிட்டு (இலை எடைக்குப் பத்து மடங்கு ஜெல்), பிறகு குமிழத்தை மட்டும் ஒரு நிமிடம் கொதிநீரில் பிடியுங்கள். இலையும் பூவும் நீர் படாமல் மேலே இருக்கட்டும். பாதிக் குமிழங்களை நெடுக்குவெட்டாகப் பிளந்து, வெட்டுமுகம் மேலே தெரிய வையுங்கள். மீதி முழுதாக இருக்கட்டும்.

பூ: வெயில் ஏறிய பிறகு, விரிந்திருக்கும்போது, அந்த இடத்திலேயே அழுத்துங்கள். பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தால் பூ சுருண்டு, சிற்றிலைகள் தொங்கி மடிந்திருக்கும், பிறகு எதுவும் விரியாது. ஒவ்வொரு பூவுக்கும் மேலே ஒரு துண்டு மெல்லிய தாள். முதல் மூன்று நாள் தினமும் ஒற்றுத்தாள் மாற்ற வேண்டும். சூட்டுப்பெட்டி என்றால் 40 முதல் 45 டிகிரி போதும். அவசரப்பட்டு 60க்கு மேல் போனால் இளஞ்சிவப்பு பழுப்பாகும். ஐந்தாறு பூவை 70 சதவீத ஆல்கஹாலில் தனியே வையுங்கள், பென்சிலால் எழுதிய சீட்டைக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். மை கரையும், வெளியே ஒட்டியது கழலும். புல்லி நுனியில் ஆரஞ்சுத் தடிப்பு இருந்தால் எத்தனை, என்ன நிறம் என்று செடி பச்சையாக இருக்கும்போதே குறிப்பேட்டில் ஏற்றிவிடுங்கள்.

கனி: காம்போடு, வெடிக்குமுன், பச்சை மங்கும் தருணத்தில் எடுத்து உடனே உறையில். விதையைச் சுற்றியுள்ள சதையுறை உள்வெளியாகத் திரும்பி விதையைச் சுண்டி எறியும், திறந்த தாளுக்கு நடுவே வைத்தால் ஓடு மட்டும் மிஞ்சும்.

---

முவ்விலை:

நன்றி. வெடிகனி சொன்னபடி 231லிருந்து உதிர்ந்த பூ ஒன்றை ஊறவைத்தேன். நீண்ட ஐந்து கம்பியிலும் நுனி உருண்ட தூவி தெளிவு, குட்டைக் கம்பிகள் வழுவழுப்பு. வடிவம் நீள்தண்டு. 212ல் நீள்தண்டும் நடுத்தண்டும் இருக்கின்றன.

ஆனால் அதே பார்வையில் வேறொன்று கண்ணில் பட்டது. 231ன் சிறந்த தாளில், குமிழங்களுக்குப் பக்கத்தில், மஞ்சள் பூப் புளியாரையின் ஒரு துண்டு சிக்கியிருக்கிறது. கணுவில் வேர், காம்படியில் சின்ன இலையடிச் செதில். கார்னிகுலேட்டாவேதான். பசை போட்டு ஒட்டியாகிவிட்டது. இந்தத் தாள் டைப் ஆகத் தகுதி இழந்துவிட்டதா? ஹோலோடைப் ஒரு தாளுக்கு அடங்காமல் இரண்டு தாளாக இருந்தால் பரவாயில்லையா?

---

தாளடுக்கு:

தகுதி இழக்கவில்லை. கலந்துவிட்ட அயல் துண்டைக் கணக்கில் எடுக்காமல்தான் விதிநூல் ‘மாதிரி’யை வரையறுக்கிறது. பிற்காலத்தில் தகராறு வந்தாலும் முதல் விளக்கத்தோடு நெருங்கிப் பொருந்தும் பாகத்துக்குத்தான் பெயர். இருந்தாலும் தெரிந்தே விட்டுவைப்பானேன்? இன்னும் வெளியிடவில்லை என்பதால் அந்தத் துண்டை ஈரப்படுத்திக் கழற்றி, தனித் தாளாக்கி, தனி எண் கொடுத்துவிடுங்கள். கழற்றினால் மற்றது சேதமாகும் என்றால் விட்டுவிட்டு, பக்கத்தில் பென்சிலால் கட்டம் போட்டு ‘இது ஹோலோடைப்பின் பாகமன்று’ என்று சீட்டு ஒட்டுங்கள். கட்டுரையிலும் ஒரு வரி. வெளியான பிறகு என்றால் யாரும் எதையும் கழற்றக் கூடாது, சீட்டு மட்டும்தான்.

இரண்டு தாள் விஷயம்: ஒரே மாதிரியை இரண்டு தாளில் ஒட்டலாம், ஆனால் அவை ஒன்றின் பாகங்கள் என்று தாளிலேயே தெரியவேண்டும். ‘தாள் 1/2’, ‘தாள் 2/2’ என்று இரண்டிலும் எழுத வேண்டும். ஆல்கஹால் குப்பிக்கும் விதை உறைக்கும் இதே கதி: ‘ஹோலோடைப்பின் பாகம், எண் 231’. அப்படி எழுதாமல் ஒரே ஹெர்பேரியத்தில் (உலர்செடிச் சேகரிப்பகத்தில்) ஒரே எண்ணில் இரண்டு தாள் கிடந்தால் அவை ஒன்றுக்கொன்று இரட்டைப் பிரதி. எது ஹோலோடைப் என்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு ஒருவர் வந்து லெக்டோடைப் (பெயர் வைத்தவர் பயன்படுத்தியவற்றிலிருந்து பின்னாளில் தேர்ந்தெடுக்கும் டைப்) குறிக்க வேண்டிவரும்.

மற்ற இரண்டு தாளும் ஐசோடைப் (ஹோலோடைப்பின் இரட்டைப் பிரதி), வேறுவேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புங்கள். தீ, வெள்ளம், பூச்சி எது வந்தாலும் ஒன்று மிஞ்சும். 240 ஐசோடைப் ஆகாது, நாள் வேறு. கட்டுரையில் குறிப்பிட்டால் பாராடைப். நிறப்புரி எண்ணிக்கைக்கும் மரபணுவுக்கும் சான்றுத் தாளாக அதற்கு நல்ல வேலை இருக்கிறது.

---

பழைய ஏடு:

இரண்டாவது கேள்வியை யாரும் தொடவில்லை. என்னைக் கேட்டால் அதுதான் முதலில் முடிக்க வேண்டியது. பக்கத்து இனத்தின் பெயர் எந்தச் செடிக்கு உரியது என்று நிலைக்காமல் ‘எங்களுடையது வேறு’ என்று எப்படிச் சொல்வீர்கள்? அந்தப் படத்திலிருக்கும் செடி உங்கள் செடியாகவே இருந்தால் உங்கள் புதுப்பெயர் பிறக்கும்போதே மறுபெயர்.

இந்தப் பேரினத்தில் இது கற்பனை ஆபத்து இல்லை. லின்னேயஸ் 1753ல் கார்னிகுலேட்டா, ஸ்ட்ரிக்டா என்று இரண்டு மஞ்சள் பூ இனங்களுக்குப் பெயர் வைத்தார். வட அமெரிக்க நூல்களில் ஸ்ட்ரிக்டா என்ற பெயர் வெகுகாலம் ஒரு செடிக்கு வழங்கிவந்தது. நிலத்தடி ஓடுதண்டும், குறுக்குச் சுவருள்ள விரிந்த தூவியும் கொண்ட இன்னொரு செடியை ஐரோப்பேயா என்றார்கள். ஜார்ஜ் ஐட்டன் 1955ல் ‘டாக்ஸன்’ இதழில் இரண்டு லின்னேயப் பெயர்களின் டைப்பையும் அலசினார். முடிவில் ஸ்ட்ரிக்டா என்ற பெயர் ஐரோப்பேயா எனப்பட்ட செடிக்குப் போனது. அதுவரை ஸ்ட்ரிக்டாவாக இருந்தது, வியன்னாத் தாவரவியலார் ஜாக்குவின் 1794ல் வைத்த டில்லேனியை ஆனது. செடி ஒன்றும் நகரவில்லை, பெயர்தான் இடம் மாறியது. இன்றும் பழைய நூலில் ‘ஸ்ட்ரிக்டா’ என்று பார்த்தால் எந்த ஆண்டு, யார் பொருளில் என்று கேட்காமல் நம்பக் கூடாது.

டில்லேனியையின் கதையும் உங்களுக்குப் பாடம். அந்தப் பெயரின் வேர் டில்லேனியஸின் 1732ஆம் ஆண்டுத் தோட்ட நூலில் உள்ள படம். டில்லேனியஸின் காய்ந்த செடிகள் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கின்றன. ஒரு படம் டைப் ஆகும்போது, அந்தப் படத்தை எந்தச் செடியைப் பார்த்து வரைந்தார்களோ அந்தச் செடி தானாக டைப் ஆகிவிடாது. படத்தைப் புரிந்துகொள்ள உதவும் சாட்சி, அவ்வளவே.

உங்கள் பழைய பெயருக்கு இந்த வரிசையில் போங்கள்.

முதலில் முதல் விளக்கத்தை மூலத்திலேயே படியுங்கள், யாரோ எடுத்து எழுதியதை அல்ல. ஆசிரியர் எதையெல்லாம் சுட்டுகிறார்? மாதிரி, தன் படம், முந்தைய ஆசிரியர்களின் படம் எல்லாமே மூலப்பொருள் பட்டியலில் வரும். ஒரே ஒரு பொருளைத்தான் அவர் பயன்படுத்தினார் என்பது உறுதியானால் மட்டும் ஹோலோடைப். 18ஆம் நூற்றாண்டில் அப்படிச் சொல்ல முடிவது அரிது.

இரண்டாவது, யாராவது ஏற்கெனவே டைப் குறித்துவிட்டார்களா? இதில் மூன்று காலக் கோடு உண்டு. 1990க்கு முன் ஒருவர் ‘டைப்’ என்று ஒரு குறிப்பிட்ட தாளையோ படத்தையோ சுட்டியிருந்தாலே அது லெக்டோடைப் குறித்ததாக ஆகிவிடலாம். 1990 ஜனவரி 1 முதல் ஹெர்பேரியத்தின் பெயரும் வேண்டும். 2001 ஜனவரி 1 முதல் ‘லெக்டோடைப்’ என்ற சொல்லும் ‘இங்கே குறிக்கப்படுகிறது’ என்ற பொருள்படும் சொற்றொடரும் வேண்டும், அவை இல்லையேல் குறித்ததே செல்லாது. முறைப்படி முதலில் குறித்தவரைத்தான் பின்பற்ற வேண்டும். அது முதல் விளக்கத்தோடு கடுமையாக முரண்பட்டால், மூலப்பொருளில் முரண்படாத வேறொன்று இருந்தால், அப்போதுதான் மாற்றலாம். பிடிக்கவில்லை என்பதற்காக மாற்ற முடியாது. தென்னாப்பிரிக்க இனங்கள் என்றால் சால்ட்டரின் 1944 மறுஆய்வையும், கார்னிகுலேட்டா வகையறா என்றால் லூர்டைக்கின் 1979 கட்டுரையையும் பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

மூன்றாவது, யாரும் குறிக்கவில்லை என்றால் நீங்கள் லெக்டோடைப் குறிக்க வேண்டும். ஐசோடைப், பிறகு சுட்டிய மாதிரிகள், பிறகுதான் சுட்டாத மாதிரிகளும் படங்களும். மூலப்பொருளில் படம் மட்டுமே மிஞ்சியிருந்தால், எவ்வளவு மோசமான படமானாலும் அதுதான் லெக்டோடைப். அதை ஒதுக்கிவிட்டு நல்ல செடி ஒன்றை நியோடைப் ஆக்க வழியில்லை. மூலப்பொருள் ஒன்றுகூட இல்லாத இடத்தில்தான் நியோடைப்.

நான்காவதுதான் உங்களுக்கு நேரடியாகத் தேவைப்படுவது: எபிடைப். படத்தில் குமிழம் தெளிவில்லை, கம்பித் தூவி வரைந்திருக்கவே மாட்டார்கள். ஆக இந்த டைப்பை வைத்து உங்கள் இரண்டு பண்பையும் சோதிக்க முடியாது. அந்த நிலையில் படத்துக்குத் துணையாக ஒரு மாதிரியை எபிடைப் ஆகக் குறிக்கலாம். எந்த டைப்புக்குத் துணை என்பதையும் எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்பதையும் வெளிப்படையாக எழுதவேண்டும். தேர்வில் மூன்றைப் பாருங்கள்: படத்தில் தெரிகிற எல்லாவற்றோடும் ஒத்துப்போக வேண்டும், மூலச்செடி வந்த பகுதியிலிருந்தே எடுத்ததாக இருக்க வேண்டும், குமிழமும் பூவும் ஒரே செடியில் இருக்க வேண்டும்.

இரண்டாவது நிபந்தனைதான் தலைவலி. ஜாக்குவினின் 1794 நூலில் 81 படத்தகடுகள். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியிலிருந்து சேகரிப்பாளர்கள் பூஸும் ஷோலும் அனுப்பிய குமிழங்களை வியன்னாவில் வளர்த்து வரைந்தவை பல. ஊர், மலை என்று துல்லியமான இடம் கிடைக்காது, கண்ணாடி வீட்டில் வளர்ந்ததால் காம்பு நீளத்தையும் நம்ப முடியாது. அத்தகைய படத்தில் இலை வடிவம், பூங்கொத்தின் அமைப்பு, புல்லியின் தடிப்பு இவற்றுக்கு எடை கொடுங்கள். நிறம் தீட்டுபவரின் கைவண்ணம், பிரதிக்குப் பிரதி மாறும். இரண்டு மூன்று பிரதிகளின் ஸ்கேனை ஒப்பிட்டால் தெரிந்துவிடும்.

---

வெடிகனி:

பழைய ஏடு சொன்னதற்கு ஒரு எச்சரிக்கை மட்டும். உங்கள் புது இனத்துக்கு வழிவிடுவதற்கென்றே எபிடைப்பைத் தேர்ந்தெடுத்தது போலத் தோன்றக் கூடாது. படம் இரண்டு செடிக்கும் சமமாகப் பொருந்துகிறது என்றால் அதை மறைக்காமல் எழுதி, நடைமுறையில் அந்தப் பெயர் எந்தச் செடிக்கு வழங்குகிறதோ அந்தச் செடியிலிருந்து எபிடைப் எடுங்கள். அப்போதுதான் பெயர் நிலைக்கும், மற்றவர்களும் ஏற்பார்கள்.

---

முவ்விலை:

தெளிவாகிவிட்டது. பழைய பெயருக்கு லெக்டோடைப், எபிடைப் இரண்டையும் இதே கட்டுரையில் குறித்துவிட்டு, 231ன் சிறந்த தாளை ஹோலோடைப் ஆக்குகிறேன். டைப் வரியை எப்படி எழுதுவது? விளக்கம் தமிழிலும் இருக்கலாமா?

---

தாளடுக்கு:

வரி இப்படி இருக்கட்டும்:

‘டைப்: நாடு, மாவட்டம், இடம், உயரம், வாழிடம், நாள், சேகரித்தவர் 231 (ஹோலோடைப்: ஹெர்பேரியம் அ, தாள் எண், ஐசோடைப்: ஹெர்பேரியம் ஆ, ஹெர்பேரியம் இ).’

‘டைப்’ அல்லது ‘ஹோலோடைப்’ என்ற சொல் கட்டாயம், 1990 முதல் விதி. ஹோலோடைப் இருக்கும் ஹெர்பேரியம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஹோலோடைப்: அ, ஆ’ என்று இரண்டு இடத்தைப் போடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற பிழை. அடுத்தபடி, ‘பின்னர் ஒப்படைக்கப்படும்’ என்று எழுதிவிட்டுத் தாளை மேசையிலேயே வைத்திருப்பது. முதலில் ஒப்படைத்து, தாள் எண் வாங்கி, அதை அச்சுப்பிழை திருத்தத்தில் மறுபடி ஒப்பிட்டுப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறினால் தாள் வேறாகிவிடும்.

2007 முதல் இத்தகைய செடிக்குப் படத்தை ஹோலோடைப் ஆக்க முடியாது, ஆகவே புகைப்படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் துணைதான். தமிழில் விளக்கம் தாராளமாக எழுதுங்கள், ஆனால் பெயர் செல்லுபடியாக லத்தீனிலோ ஆங்கிலத்திலோ ஒரு விளக்கமோ வேற்றுமைக் குறிப்போ வேண்டும், 2012 முதல் அப்படி. மின்வெளியீடு என்றால் பிடிஎஃப் வடிவம், ஐஎஸ்எஸ்என் அல்லது ஐஎஸ்பிஎன் உள்ள வெளியீடு. வலைப்பக்கத்தில் போட்டால் எண்ணிக்கையில் சேராது.

பெயரை முடிவு செய்யுமுன் ஐபிஎன்ஐ (வெளியான தாவரப் பெயர்களின் பன்னாட்டுப் பட்டியல்) தளத்தில் தேடுங்கள். ஆக்ஸாலிஸில் ஏற்கப்பட்ட இனங்கள் சுமார் 500தான், ஆனால் வெளியான பெயர்கள் அதைவிட மிக அதிகம். யாரும் பயன்படுத்தாத, செத்துப்போன மறுபெயராக இருந்தாலும் அதே அடைமொழி அதே பேரினத்தில் முறைப்படி வெளியாகியிருந்தால் உங்களுடையதைப் பயன்படுத்த முடியாது. ‘ரோசியா’, ‘பல்போசா’ மாதிரி யாருக்கும் முதலில் தோன்றும் சொல்லை எடுக்குமுன் நன்றாகப் பாருங்கள்.

செடி குறைவாக இருக்கிற இடம் என்றால் துல்லியமான அட்சரேகை தீர்க்கரேகையைத் தாள் சீட்டில் மட்டும் வைத்து, அச்சில் இடத்தைப் பொதுவாகச் சொல்லுங்கள். குமிழ ஆக்ஸாலிஸைத் தோண்டி விற்பவர்கள் டைப் வரியைத்தான் முதலில் படிக்கிறார்கள்.

---

குமிழ்வேர்:

அனுப்புவதற்கு முன் 231ன் மூன்று தாளிலும் குமிழத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள். மெத்தென்று இருந்தால் இன்னும் உயிர் போகவில்லை. ஐசோடைப் கட்டு தபாலிலேயே முளைத்துவிடும்.